மறு: மூளைக்கு ‘ஈருருமை’ வேண்டாமே

> செக்சுவல் டைமார்பிசம் = பால் ஈருருமை. விலங்கியலில் எழுதுவதை மனநல நூலிலும் எழுதிவிட்டுப் போகலாமே.

வணக்கம் ஐயா.

ஆணும் பெண்ணும் இரு வேறு உருவில் இருப்பதுதான் ஈருருமை. மயிலுக்கு அது சரி. எலிக்கும் ஒத்துக்கொள்கிறேன்: 1978இல் நரம்பியலாளர் ரோஜர் கோர்ஸ்கி குழுவினர், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமசில் காட்டிய சிறு நரம்பணுத் திரள், ஆண் எலியில் பல மடங்கு பெரிது. மனித மூளையில் அப்படி இரண்டு உரு எங்கே இருக்கிறது? ஆண் மூளையின் பருமன் சராசரியில் 11 விழுக்காடு போலக் கூடுதல். அந்த மொத்த அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மற்ற வேறுபாடுகளில் பெரும்பகுதி சுருங்கிவிடுகிறது. 2015இல் இஸ்ரேலிய நரம்பியலாளர் டாஃப்னா ஜோயல் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களைப் பார்த்தது. முழுக்க ‘ஆண்’ கூறுகளோ முழுக்க ‘பெண்’ கூறுகளோ கொண்ட மூளைகள் அரிது, பெரும்பாலானவை கலவை.

> ஆனால் ஸ்கேனை வைத்துக் கணினி ஆணா பெண்ணா என்று கணித்துவிடுகிறதே?

கணிக்கிறது, பெரும்பாலும் சரியாகவே. பல சிறு வேறுபாடுகளைக் கூட்டிப் பார்ப்பதால் வரும் திறன் அது. மூளை இரண்டு வார்ப்பில் வருகிறது என்று அதற்குப் பொருளில்லை.

மனநலத்தில்தான் இந்தச் சொல் அதிகம் கெடுக்கும். மனச்சோர்வு பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த இடைவெளி பருவமடையும் வயதில்தான் விரிகிறது. ஹார்மோனும் உண்டு, வீட்டு வன்முறையும் உண்டு. ‘ஈருருமை’ என்று எழுதினால் வாசகர் எல்லாவற்றையும் ‘பெண் மூளை’யின் தலையில் கட்டிவிடுவார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) ஆண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குகிறது. பெண்களுக்கோ மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி இன்னொரு சிறு ஏற்றம். இதில் உரு எங்கே வந்தது?

என் பரிந்துரை ‘பால்சாய்வு’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “மனச்சோர்வு பெண்பால் சாய்வுள்ள நோய், ஆட்டிசம் ஆண்பால் சாய்வுள்ளது.” எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்ல இடமிருக்கிறது. ஒருதலைப்பட்சம் என்ற வாடை வருமோ என்றால், அதற்குச் ‘சார்பு’ ஏற்கெனவே இருக்கிறது. வெறும் ‘பால் வேறுபாடு’ வேண்டாம். பச்சை பாக்கெட்டா நீல பாக்கெட்டா என்று கேட்பார்கள். ‘பாலின’ என்பதை ஜெண்டருக்கு ஒதுக்கிவிட்டோம், அதையும் இங்கே இழுக்க வேண்டாம்.

மேலே சொன்ன கலவைக்கு ஜோயல் வைத்த பெயர் ‘மொசைக்’. அதற்கு ஒருவர் ‘பல்வண்ணப் பதிகல்’ என்று எழுதியிருந்தார். மொசைக் தரையில் கால் வைக்காத தமிழர் யார்? அதை அப்படியே விட்டுவிடலாம்.

‘பால்சாய்வு’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மருத்துவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்