கதைவாடி: "எழுத்தாளர் அறை"க்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பலர் கூடியிருந்து எழுதும் ஏற்பாட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற உரையாடல், "எழுத்தாளர் அறை", "கதைக்கூடம்", "படைப்பாளர் குழாம்" என்ற மூன்றில் வந்து நிற்கிறது. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணத்தையும், முல்லைத்தீவுக் கரையில் அன்றாடம் வழங்கும் ஒரு சொல்லைக் கொண்டு நான் ஆக்கிய வேறொன்றையும் இங்கே முன்வைக்கிறேன்.

அங்கே நடப்பது இதுதான். ஒரு பருவத்துக்கான (சீசன்) வேலை தொடங்கும்போது எழுத்தாளர்கள் கிழமைச் சம்பளத்துக்குச் சேர்க்கப்படுகிறார்கள். முதற் சில கிழமைகள் கதை எங்கே போய் முடிய வேண்டும் என்ற பேச்சிலேயே கழிகின்றன. பின்னர் ஒவ்வொரு பகுதியையும் (எபிசோட்) காட்சி காட்சியாகப் பிரித்து, சிறு அட்டைகளில் எழுதிப் பலகையில் குத்தி, இடம் மாற்றி, கழற்றி, மீண்டும் குத்துகிறார்கள். அடுக்கு ஒருவாறு நின்றதும் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போய்த் தனியே இருந்து சுருக்கத்தையும் அதன்பின் முழுப் பிரதியையும் எழுதுகிறார். அவர் திரும்பி வந்ததும் எல்லோரும் சேர்ந்து அதில் கை வைக்கிறார்கள். நகைச்சுவைத் தொடரென்றால், எழுதியவரின் பெயர் திரையில் தனியே வந்தாலும், சிரிக்க வைத்த வரிகளில் பல மற்றவர்களுடையவையாக இருக்கும்.

ஆக, அந்த அறைக்குள் மிகக் குறைவாக நடக்கும் வேலை எழுதுவதுதான். 2020 இல் பெருந்தொற்று வந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் ஸூம் திரைக்கு இடம்பெயர்ந்தது. அறை இல்லாமற் போயும் வேலை நின்றுவிடவில்லை. எழுத்தும் அறையும் இரண்டாம் பட்சமான ஒன்றுக்கு "எழுத்தாளர் அறை" என்று பெயர் வைத்தால், கேட்பவர் மனதில் ஒரு மேசையும் ஒரு விளக்குமே தோன்றும். "கூடம்" ஆய்வுகூடம்போல நிலைத்து நிற்கும் கட்டடத்தைக் குறிக்கிறது. "குழாம்" ஆட்களைச் சொல்கிறது. காலத்தையும் வேலையையும் சொல்லவில்லை.

எங்கள் கரையில் வாடி என்பது மீன்பிடிப் பருவத்துக்காகக் கடலோரத்தில் போடும் கொட்டில். தொழிலுக்கு வந்தவர்கள் அதிலேயே சமைத்து, கிழிந்த வலை பொத்தி, தூங்கி, பருவம் முடிந்ததும் கலைந்து போவார்கள். அடுத்த முறை அதே ஆட்கள் வருவார்கள் என்ற உறுதி எவருக்கும் இல்லை. தொடர் எழுதுபவரின் வாழ்க்கையும் இத்தகையதே. பருவம் புதுப்பிக்கப்பட்டாலும் தன்னை மறுபடியும் அழைப்பார்களா என்று காத்திருப்பதே அந்தத் தொழிலின் பெரும் பகுதி.

"கதை" என்ற முன்னொட்டைச் சேர்த்ததற்குக் காரணம், நமது வழக்கில் அது பேச்சையும் குறிப்பது. முள்ளியவளையில் நாங்கள் சிலர் ஒரு யூடியூப் தொடருக்காகக் கூடும் வீட்டில், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் காட்சிகளை எழுதிச் சுவரில் ஒட்டுவது வழக்கம். தேநீரோடு வரும் வீட்டுக்கார அன்ரி ஒவ்வொரு முறையும், "பிள்ளையள், கதைக்கிறியளோ வேலை செய்யிறியளோ?" என்று கேட்பார். இரண்டும் ஒன்றுதான் என்பதை அவருக்கு விளங்கப்படுத்த இதுவரை முடியவில்லை. கதைவாடி என்ற சொல் அதைத் தானாகவே சொல்லிவிடுகிறது.

ஒரு கலைச்சொல் தேறுமா என்பதை அது ஈனும் சொற்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2023 மே 2 முதல் செப்டெம்பர் 27 வரை, 148 நாட்கள் நடந்த அமெரிக்க எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, தயாரிப்புக்கு அனுமதி கிடைக்குமுன் ஒரு சிலரை மட்டும் குறுகிய காலத்துக்கு வைத்துக் கதையை முடித்துக்கொள்ளும் வழக்கத்தைக் கட்டுப்படுத்துவது. அதைச் "சிறுவாடி" எனலாம். ஒருவரே முழுப் பருவத்தையும் எழுதாத, 13 அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகள் கொண்ட தொடருக்கு ஆறு எழுத்தாளராவது வேண்டும் என்று அதன் பின்னான ஒப்பந்தம் வகுத்தது. இதை "வாடியின் குறைந்தபட்ச ஆளணி" என்று சிக்கலின்றி எழுதலாம். எல்லோரும் பேசுவதை ஓயாமல் தட்டச்சு செய்யும் உதவியாளர் "வாடிக்குறிப்பாளர்" ஆகிறார். இவரை விட்டுவிடாத பெயர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு நகைச்சுவைத் தொடரில் இந்த வேலையைச் செய்த பெண், எழுத்தாளர்களின் ஆபாசப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்ததற்காகத் தொடுத்த வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், பேச்சு அவரைக் குறிவைத்ததல்ல என்ற அடிப்படையில் 2006 இல் அவருக்கு எதிராக முடிந்தது. அறைக்குள் இருந்தவர்தான், ஆனால் எழுத்தாளர் அல்லர். ஆனாலும் குறிப்பெழுதுபவரின் சொல் கதையையே மாற்றக்கூடும் என்பதை எங்கள் சுவரில் கண்டோம். அறுவடைக் காட்சியில் நாயகனுக்குத் தொலைபேசி அழைப்பு வருவதாக வைத்திருந்தோம், குறிப்பெழுதிக்கொண்டிருந்த தங்கை தலை நிமிராமலே, "மிசின் வயலுக்க நிக்கேக்க போன் அடிக்கிறது ஆருக்குக் கேக்கும்?" என்றார். அத்தோடு இரண்டு தாள்கள் சுவரை விட்டு இறங்கின, அந்தப் பகுதியின் முடிவே மாறிற்று.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். சென்னை நண்பர்கள் "வாடி" என்றதும் ஒரு பெண்ணை உரிமையோடு கூப்பிடுவதாகக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பது தெரியும். வாடிவாசலை அவர்கள் சிரிக்காமல் சொல்லும்போது இதுவும் பழகிவிடும். இதைவிடக் கனமான மறுப்பு எங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்தில் வாடி எவருக்கு உரியது என்பது ஆண்டுக்கணக்கான தகராறு. அங்குள்ள ஒருவருக்கு இந்தச் சொல் இதமாக ஒலிக்காது. அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கதைவாடியிலும் எவருடைய கதை, எவருடைய பெயர் என்ற வழக்கு ஓய்வதில்லை. திரையில் பெயர் யாருக்கு என்று தீர்ப்புச் சொல்லவே அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தில் தனி நடைமுறை உண்டு. தமிழ்ச் சினிமாவில் வழங்கும் "டிஸ்கஷன்" போதாதா என்று கேட்டவருக்கு: அது இயக்குநரின் கதைக்கு உதவியாளர்கள் சேர்ந்து யோசிப்பது. அதில் அமர்பவருக்குப் பதவிப் படியும் எழுத்துரிமையும் பெரும்பாலும் இல்லை.

கதையை அட்டைகளாகப் பிரிக்கும் வேலைக்கு, ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த "கதை உடைத்தல்" வேண்டாம். "கதை கட்டுதல்" புளுகுவதாகிவிடும். "கதை வகுத்தல்" பிரிப்பதையும் திட்டமிடுவதையும் ஒருங்கே தருகிறது. பதவிப் பெயர்களில் ஓர் எச்சரிக்கை மட்டும்: அங்கே கீழ்ப்படி எழுத்தாளர் மேலே ஏற ஏறத் "தயாரிப்பாளர்" என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அவர் பணம் போடுபவர் அல்லர். அவ்வாறே மொழிபெயர்த்தால் நமது வாசகர் அவரை முதலாளி என்றே நினைப்பார். "மூத்த கதையாளர்" என்பது பொருந்தும்.

எல்லோருக்கும் மேலிருப்பவருக்கு (ஷோரன்னர்) "அண்ணாவியார்" என்ற பரிந்துரை கேட்க இனிக்கிறது. ஆயினும் கூத்து அண்ணாவியார் பெரும்பாலும் முன்னரே உள்ள பாட்டையும் ஆட்டத்தையும் பழக்குபவர்; இவரோ இல்லாத கதையை உண்டாக்கி, செலவுக் கணக்குக்கும் நடிகர் தெரிவுக்கும் படத்தொகுப்புக்கும் சேர்த்தே பதில் சொல்பவர். "பொறுப்பாளர்" பொருளுக்குப் பொருந்தினாலும், வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்பவர் நினைப்பு போர்க்காலத்து இயக்கப் பதவிகளுக்குப் போய்விடும். எனது தெரிவு "தொடர் அதிபர்". தமிழ்நாட்டில் அதிபர் என்றால் உடைமையாளர் என்ற சாயல் வருமாதலால், அங்குள்ளவர்கள் வேறு சொல் தந்தால் ஏற்கத் தயார்.

சொற்பட்டியலில் சேர்ப்பதானால் பதிவை இவ்வாறு எழுதலாம்:

கதைவாடி (பெயர்ச்சொல்): தொலைக்காட்சித் தொடரொன்றின் ஒரு பருவத்துக்காகக் கூட்டப்பட்டு, தொடர் அதிபரின் கீழ்ப் பேசிக் கதை வகுத்து, பிரதிகளைக் கூட்டாகத் திருத்தி, பருவ முடிவில் கலையும் எழுத்தாளர், குறிப்பாளர் அணி; அவ்வணி வேலை செய்யும் இடத்தையும் குறிக்கும்.