ஆதாரில் முகவரி மாற்றினால் அவருக்குத் தெரிந்துவிடுமா?

நொய்யல்கரை:
கோபிப் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி 5 மாதம் ஆகிறது. இப்போது திருப்பூரில், (இடத்தின் பெயரை நீக்கிவிட்டேன்) ஒற்றை அறை வீடு. பனியன் கம்பெனியில் வேலை. நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியாகிவிட்டது. ஆனாலும் போன வாரம் என் கணவர் என் அம்மாவைக் கூப்பிட்டு, "திருப்பூரில் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். திருப்பூர் என்பதே எப்படித் தெரிந்தது? அம்மா சொல்லவில்லை. பள்ளிக்கும் கேஸ் இணைப்புக்கும் உள்ளூர் முகவரியுள்ள ஆதார் கேட்கிறார்கள். மாற்றலாமா?

மஞ்சள்மண்டி:
முதலில் பதிவிலிருந்து பேட்டையின் பெயரை எடுங்கள், சகோதரி. அதை எடுத்த பிறகு ஒன்று சொல்லுங்கள்: ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் எந்தக் கைப்பேசி எண் இணைந்திருக்கிறது?

நொய்யல்கரை:
எடுத்துவிட்டேன். கல்யாணமான புதிதில் எல்லாவற்றுக்கும் அவர் எண்ணைத்தான் கொடுத்தார்.

மஞ்சள்மண்டி:
சந்தேகப்பட்டது சரிதான். நீங்கள் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போதெல்லாம் குறுஞ்செய்தி அவருக்குப் போயிருக்கும். பெரும்பாலும் திருப்பூர் தெரிந்தது அப்படித்தான். ஆதாரும் அதே கதை. உங்கள் ஆதார் எண் அவரிடம் இருக்கும். இ-ஆதாரைப் பதிவிறக்கக் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவர் கைப்பேசிக்கே வரும். முகவரி மாறிய மறுநாளே புது வீட்டின் கதவு எண் வரை அவர் அச்செடுத்துவிடலாம்.

ஆகவே வரிசை முக்கியம். உங்கள் பெயரில் புது சிம். அதன்பின் ஆதார் மையத்துக்கு நேரில் போய் எண்ணை மட்டும் மாற்றுங்கள். கைரேகை போதும், ஆவணம் எதுவும் வேண்டாம். எண் மாறியது உறுதியான பிறகுதான் முகவரியைத் தொட வேண்டும். எட்டு எண்களை மறைத்துத் தரும் ஆதார் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது எண்ணைத்தான் மறைக்கும். முகவரி அப்படியே இருக்கும்.

கேஸுக்கு அவசரப்பட வேண்டாம். 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கலாம், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். பழைய குடும்ப அட்டையில் பொருள் வாங்காதீர்கள். அதன் குறுஞ்செய்தியும் அட்டையில் பதிந்த எண்ணுக்கே போகும்.

ஊர்க்காரன்:
என்ன இருந்தாலும் பிள்ளைக்கு அப்பா. நாலு பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாமே?

நொய்யல்கரை:
மூன்று முறை பேசியாகிவிட்டது. மூன்றாவது பேச்சுக்குப் பிறகுதான் கையில் மாவுக்கட்டு.

கறுப்புக்கோட்டு:
நீதிமன்றப் பக்கம் நான் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நாம் தாக்கல் செய்யும் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும். இனி எந்த மனுவிலும் இப்போதைய வீட்டு முகவரி வர வேண்டாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லி, தபால்கள் அவருடைய அலுவலக முகவரிக்கே வரும்படி கேளுங்கள். பிரிவு 27இன்படி நீங்கள் தங்கியிருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. உங்கள் கணவர் வசிக்கும் ஊரிலும், சம்பவம் நடந்த ஊரிலும் போடலாம். பிரிவு 18இன் பாதுகாப்பு உத்தரவில் உங்கள் வேலையிடத்துக்கும் மகளின் பள்ளிக்கும் அவர் வரக் கூடாது என்று கேட்கலாம். ஆனால் ஆர்வத்தில் பள்ளியின் பெயரை எழுதிவிடாதீர்கள். அந்த உத்தரவும் அவர் கைக்குப் போகும். "மகள் படிக்கும் பள்ளி" என்றாலே போதும். மீறினால் பிரிவு 31இல் ஓராண்டு வரை சிறை.

மகள் எத்தனையாம் வகுப்பு? 6 முதல் 14 வயதுக்குள் என்றால், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தலைமையாசிரியரை நேரில் பார்த்து, பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்துப் பாதுகாப்பு அலுவலரையும் சந்தியுங்கள். இரவில் பயமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1991 முதல் அரசே இப்படிப்பட்டவர்களுக்கு மாற்று முகவரி கொடுத்துத் தபாலை வாங்கி அனுப்புகிறது. நம்மிடம் அது இல்லை. அதனால்தான் இத்தனை ஒட்டுவேலை.

அம்மிச்சி:
கண்ணு, கைப்பேசி விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. நம் பக்கத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது மொய் நோட்டு. பெயருக்கு முன்னால் ஊரைக் கேட்டு எழுதுவார்கள், அப்புறம் பங்காளிகள் பத்துப் பேர் புரட்டுவார்கள். குலதெய்வக் கோயில் வரிக்கும் புது விலாசம் கேட்பார்கள். என் தங்கை மகளை அவள் வீட்டுக்காரன் கண்டுபிடித்தது காது குத்து மொய் நோட்டில்தான்.

நொய்யல்கரை:
மகள் மூன்றாம் வகுப்பு. சேர்த்துவிட்டேன், கடிதமும் கொடுத்தாகிவிட்டது. நேற்று ஆதார் எண்ணுக்குப் புது சிம் கொடுத்து வந்தேன். வேறு வங்கியில் கணக்குத் தொடங்கியிருக்கிறேன். முகவரியை இன்னும் தொடவில்லை. இப்போதுதான் நினைவுக்கு வந்தது: கோபி மில்லில் வேலை பார்த்தபோது எடுத்த பி.எஃப். கணக்கிலும் அவர் எண்தான்.

மஞ்சள்மண்டி:
அதை இன்றைக்கே கவனியுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் இப்போதைய கம்பெனியின் பெயரே வரும். ஆதாரில் எண் மாறியதும் அங்கும் மாற்றிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அதுவரை பழைய கணக்கோடு இணைக்க வேண்டாம் என்று கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

நொய்யல்கரை:
கேட்டேன். இந்த மாதக் கணக்கு இன்னும் ஏற்றவில்லையாம், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தையில் மாமா மகன் கல்யாணம். மொய்யை அம்மா பெயரில், அம்மா ஊரிலேயே எழுதச் சொல்லிவிட்டேன்.