மறு: மரவெட்டு போதுமா? பியூயிக்கின் கட்டைகளுக்கு ஒரு தனிச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

மரத்தில் படம் செதுக்கி அச்சிடும் இரண்டு முறைகளுக்கு, அதாவது woodcut, wood engraving இரண்டுக்கும், தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். "கல்வெட்டு இருக்கிறதே, அதுபோல மரவெட்டு என்றே இரண்டையும் சொல்லிவிடலாம்" என்று நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் வேறுவேறு கைவேலை. இரண்டாவது முறையில் மரக்கட்டையில் படம் பொறித்த ஆங்கிலேயர் தாமஸ் பியூயிக்கின் படங்களைப் பார்த்தாலே அது புரியும்.

1753இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். 14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பீல்பியின் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். வெள்ளியிலும் செம்பிலும் எழுத்தும் சித்திரமும் பொறிக்கும் பட்டறை அது. அந்த உலோக வேலைக்கான உளியைத்தான் மரத்திலும் வைத்தார். மரவெட்டுக்காரர் நெடுக்காக அறுத்த பலகையில் கத்தியால் வெட்டுவார். நார் ஓடும் திசைக்கு அடங்கித்தான் போகவேண்டும். பியூயிக் எடுத்ததோ பாக்ஸ் (boxwood) என்ற கெட்டியான மரத்தைக் குறுக்கே அறுத்த கட்டை. அதில் நார் இழுக்காது, உளி எந்தப் பக்கமும் திரும்பும். 1797இலும் 1804இலும் வந்த அவருடைய பறவை நூலின் இரு பாகங்களிலும் இறகுகள் கறுப்புக்குள்ளிருந்து மெல்லிய வெள்ளைக் கோடுகளாக எழுந்து வருவது அதனால்தான். தொலைவில் தெரியும் மரங்கள் மங்கலாக விழ, கட்டையில் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சீவித் தாழ்த்திவிடுவார். என்ன நுட்பம்!

ஆகவே பியூயிக்கின் முறைக்கு என் பரிந்துரை: மரப்பொறிப்பு. செப்புத் தகட்டில் செய்வதைச் செப்புப்பொறிப்பு என்றால் இரண்டுக்கும் உள்ள உறவு சொல்லிலேயே தெரியும். கருவிக்குப் பொறியுளி.

செம்பில் மை பள்ளத்தில் நிற்கும், மரப்பொறிப்பில் மேட்டில் நிற்கும், குழப்பாதா என்று கேட்கலாம். குழப்பாது. பொறிப்பு என்பது கை செய்வதைச் சொல்கிறது. மை நிற்கும் இடத்துக்கு மேட்டச்சு, பள்ளவச்சு என்று தனியே வைத்துக்கொள்வோம். மேட்டச்சாக இருந்ததால்தான் கட்டையை ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி, படத்தையும் பாடத்தையும் ஒன்றாக அச்சிட முடிந்தது. செப்புத் தகட்டுக்கு வேறு அச்சுப்பொறி வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தில் அவர் வைத்த குட்டிப் படங்களுக்கும் பெயர் வேண்டும். ஒன்றில், பாலத்துச் சுங்கக் காசை மிச்சம் பிடிக்க ஒருவன் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். தொப்பி காற்றோடு போய்விடுகிறது. பறவைகளுக்கு இணையாக எனக்குப் பிடித்தவை இவைதான். 'கடைச்சித்திரம்' என்றால் கடையில் மாட்டிய படம் என்று நினைத்துவிடுவார்கள். 'ஈற்றுச்சித்திரம்' எப்படி? அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் புழங்கிய சொல் ஏதாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், சொல்லுங்கள்.