தோப்புக்குத் தோப்பு கருப்பட்டியின் சுவை மாறுகிறதா? எப்படிச் சுவைத்து உறுதி செய்வது?

கேள்வி: சாயல்குடிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் நண்பர்கள் மூவர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகக் கருப்பட்டி காய்ச்சி விற்று வருகிறோம். வழக்கமாக எல்லாத் தோப்புப் பதநீரையும் ஒன்றாகக் கலந்துதான் காய்ச்சுவோம். இந்தப் பருவத்தில் மூன்று தோப்புகளின் பதநீரைத் தனித்தனியே காய்ச்சி, தனித்தனியே சிரட்டையில் வார்த்து, தோப்பின் பெயரை எழுதிய ஓலைப்பெட்டிகளில் வைத்திருக்கிறோம். ஒன்று கடலுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள மணல் தோப்பு; இன்னொன்று கண்மாய்க்கரை; மூன்றாவது, கமுதிப் பக்கத்துக் கரிசல் காட்டின் வரப்புப் பனைகள்.

ஒரே தோட்டத்துத் திராட்சையைத் தனியே நொதிக்க வைத்து, அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே ஒயினை விற்கிறார்கள் என்று படித்ததுதான் எங்களை இதில் இறக்கியது. மணல் தோப்புக் கருப்பட்டியைக் கடித்தால் இனிப்பு அடங்கும் நேரத்தில் மெல்லிய கரிப்பு ஒன்று தெரிகிறது. ஆனால் எது எந்தத் தோப்பு என்று அறிந்துகொண்டே சுவைப்பதால் எங்கள் நாக்கை நாங்களே நம்ப முடியவில்லை. தோப்பின் பெயரைப் போட்டுக் கூடுதல் விலை கேட்பதற்கு முன்னால் இதை நேர்மையாக உறுதி செய்வது எப்படி? ஒயின் சுவைக்கும் முறை தெரிந்தவர்களும், பனைத்தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பதில் 1: தொண்டிக் கடலோரம்

தம்பி, உங்கள் முயற்சி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. வெளிநாட்டு உணவு விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் ஒயின் பரிமாறும் பணியில் இருந்தவன் என்பதால் அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட 1,247 துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. புகழ்பெற்ற ரொமானே கோன்தித் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அங்கே சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சையைப் பயன்படுத்துவதால்தான், சுவை மாறும்போது நிலத்தை நோக்கி விரல் நீட்ட முடிகிறது. ஆனால் அதே பகுதியில் குளோ து வூஜோ என்று சுமார் 50 ஹெக்டேர் தோட்டம் ஒன்று ஒரே மதிலுக்குள் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். எல்லாப் புட்டியிலும் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான்; ஒயின்களோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. மதிலுக்குள்ளேயே மேட்டு நிலமும் தாழ்ந்த நிலமும் வேறு. தயாரிக்கும் கையும் வேறு. ஆகவே பெயர் மட்டும் சுவைக்குச் சான்று ஆகாது. மண்ணிலுள்ள தாதுக்கள் அப்படியே நாக்குக்கு வருகின்றன என்பதை மண்ணியல் அறிஞர்கள் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீர் வடியும் விதம், வெப்பம், வேர் இறங்கும் ஆழம் ஆகியவற்றையே அவர்கள் முதன்மையாகச் சொல்கிறார்கள்.

இனிச் சோதனை. கட்டியாகக் கடித்தால் கடினமும் நிறமும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் என்று நிறுத்துக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஆறவிடுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதில் கரைத்துவிட்டுக் கரிப்பைத் தேடினால் பயனில்லை. காவிரிக் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று எவர்சில்வர் தம்ளர்களில் இரண்டில் ஒரே தோப்பையும், மூன்றாவதில் வேறு தோப்பையும் ஊற்றி, விவரம் அறியாத ஒருவரைக் கொண்டு, கண்ணைக் கட்டியவரிடம் கொடுக்கச் செய்யுங்கள். வேறுபட்ட தம்ளர் எது என்பது மட்டுமே கேள்வி. ஊகித்துச் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதால் ஒருமுறை செய்து நிறுத்தக் கூடாது. ஆறு முறையில் ஐந்து முறையாவது சரியாகச் சொன்னால் நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு இரண்டு வாய்ப்புக்கூட இல்லை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் வாயைக் கொப்பளித்துச் சற்று ஓய்வு கொடுங்கள், ஏனெனில் இனிப்பு நாக்கை வெகு விரைவில் மரத்துப்போகச் செய்யும்.

பதில் 2: பனையேறி மகள்

மேலே சொன்ன சோதனை நல்லது. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், தம்பி: மூன்று தோப்பிலும் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவியது ஒரே கைதானா? சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கத் தொடங்கிவிடும். அதைக் காய்ச்சினால் கட்டி சரியாக இறுகாது. கூடினால் நிறம் கறுத்து, நாக்கில் ஒரு காறல் நிற்கும். நீங்கள் கரிப்பு என்று சொல்வது அந்தக் காறலாகவும் இருக்கலாம். என் தகப்பனார் ஆண்பனைப் பதநீரையும் பெண்பனைப் பதநீரையும் குடித்தே பிரித்துச் சொல்வார். பங்குனியில் இறக்கியதும் ஆனியில் இறக்கியதும் ஒன்றல்ல. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் ஒருநாள் பனைமட்டையும் மறுநாள் ஈரமான சீமைக்கருவேல விறகும் எரித்திருந்தால் புகை வாசமே மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். பொங்காமல் இருக்க ஆமணக்கு முத்து போடும் வழக்கம் உண்டு. அதையும் மூன்று சட்டிக்கும் ஒரே அளவில் போட்டிருக்க வேண்டும்.

ஒரே வாரத்தில், ஒரே சுண்ணாம்பில், ஒரே விறகில், ஒரே ஆள் துடுப்புப் போட்டுக் காய்ச்சிய கட்டிகளை மட்டும் சோதனைக்கு எடுங்கள். ஒரு கிலோ கட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றுகிறது. நல்லது எப்படித் திரண்டு வருகிறதோ, அப்படியே பிழையும் திரண்டு வரும்.

பதில் 3: கீழக்கரை அடுக்களை

எங்கள் வீட்டில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதற்கு ஆண்டுதோறும் மொத்தமாகக் கருப்பட்டி வாங்குகிறோம். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காகக் கிண்டும்போது நுட்பமான வேறுபாடெல்லாம் மறைந்துவிடும். தோப்புப் பெயரோடு விற்பதாக இருந்தால், அப்படியே கடித்துத் தின்பவர்களிடமும் கருப்பட்டிக் காப்பி குடிப்பவர்களிடமும் கொண்டுபோங்கள். ஐப்பசி மழையில் கட்டி கசியத் தொடங்குவதற்குள் சோதனையை முடித்துவிடுவது நல்லது.

சாயல்குடிக்காரன் (பத்து நாட்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. அக்கா கேட்டதுபோல் குறிப்பேட்டைப் புரட்டினோம். கரிசல் காட்டுக் கட்டிகளில் பாதி வேறொருவர் சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறக்கியவை என்று தெரிந்ததால் அவற்றை ஒதுக்கிவிட்டு, வைகாசியில் ஒரே வாரம் காய்ச்சியவற்றை மட்டும் எடுத்தோம். திண்ணையில் அமர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பிடித்த காவிரி நீரில் கரைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்தோம். மணல் தோப்பையும் கண்மாய்க்கரையையும் என் நண்பர் ஆறில் ஐந்து முறை பிரித்துச் சொன்னார். நான் நான்கு முறை சொன்னேன். கண்மாய்க்கரைக்கும் கரிசலுக்கும் இடையே எங்கள் மூவரில் எவரும் இரண்டு முறைக்கு மேல் சரியாகச் சொல்லவில்லை.

ஆகவே இந்த ஆண்டு மணல் தோப்பை மட்டும் தனிப்பெயரில் விற்கிறோம். மற்ற இரண்டும் பழையபடி ஒரே பெட்டிக்குள் போகின்றன. வரும் பங்குனியில் மூன்று தோப்புக்கும் ஒரே கையால் சுண்ணாம்பு தடவி மீண்டும் பார்க்கப்போகிறோம்.