மறு: ஹீட் பம்ப் – ‘வெப்ப எக்கி’யா, ‘வெப்ப இறைப்பி’யா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடும் இயந்திரம்தான் ஹீட் பம்ப். அதற்கு ‘வெப்ப இறைப்பி’ என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘வெப்ப எக்கி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான், ஐயா. இருக்கும் சொல்லை வீணாக மாற்றக்கூடாது என்பதே என் எண்ணமும். ஆனால் நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏர்கோன் (குளிரூட்டி) பழுது பார்ப்பவன். வீட்டுக்காரர்களிடம் இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவன். ‘எக்கி’ என்றால் இங்கே கால் நுனியில் நின்று எக்கிப் பார்ப்பதுதான் மனத்தில் வரும். ‘இறைத்தல்’ அப்படியில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர்கள் இன்னும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறார்கள்.

ஏர்கோனும் ஒரு ஹீட் பம்ப்தான். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. ‘குளிரூட்டி’ என்ற பெயரில் இது தெரிவதில்லை. 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நம்புகிறார்கள். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் இல்லாத ஏர்கோனில், கொம்ப்ரெசருக்கு (வாயுவை அழுத்தும் பகுதி) ஒரே வேகம்தான். 24-இல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிரும். 16-இல் வைத்தால் அது நிற்க வழியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், பில் ஏறும்.

கிணறு ஆழமானால் இறைக்கப் பாடு அதிகம். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடுதான் இங்கே ஆழம். எங்கள் பக்கம் சமையற்கட்டைப் பின்னால் நீட்டி, ஜிங்க் கூரை போட்டு, அதற்கடியிலேயே ஏர்கோனின் வெளிப்பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். தான் விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இன்வர்ட்டரானாலும் அங்கே திணறும். பெட்டியைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தச் சொல்லும்போது, ‘இறைப்பி’ என்று சொன்னால் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

> இறைத்தலுக்குச் சிதறடித்தல் என்றும் பொருள் உண்டே. ‘பணத்தை வாரி இறைத்தான்’ என்கிறோமே.

ஆமாம் அம்மா. அந்தப் பொருளும் இங்கே ஒட்டுகிறது. உள்ளே அள்ளிய வெப்பத்தை வெளிப்பெட்டி காற்றில் வாரித்தானே இறைக்கிறது!

குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தை என்ன சொல்வது என்று டொரோண்டோ நண்பர் கேட்டதற்கும் இதே சொல் போதும். அங்கே குளிர்காலத்தில் இயந்திரம் திசைமாறி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கிறது. கட்டடத்தை இப்படிச் சூடாக்கலாம் என்று கெல்வின் பிரபு 1852-இலேயே எழுதிவிட்டார். ‘குளிரூட்டி’ என்பதை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? இரண்டு திசைக்கும் ‘வெப்ப இறைப்பி’ பொருந்தும்.

இன்னொரு சொல்லும் வேண்டும். நல்ல ஏர்கோன் 1 யூனிட் மின்சாரம் செலவழித்து 3 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றும். இதை ‘300 விழுக்காடு செயல்திறன்’ என்று எழுதினால், இல்லாத ஆற்றல் எங்கிருந்தோ பிறந்ததாகப் படும். ‘இறைப்பு விகிதம்’ என்றால் குழப்பமில்லை. ‘இறைவிகிதம்’ என்று சுருக்கலாம்தான், ஆனால் இறைவனை நினைவூட்டும்; வேண்டாம். இங்கே ஏர்கோனின் மின்சிக்கனத்தைக் காட்டும் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஸ்டிக்கருக்கு அடிப்படை, பருவம் முழுதுக்கும் கணக்கிட்ட இதே விகிதம்தான். அதைப் ‘பருவ இறைப்பு விகிதம்’ எனலாம். வருடம் முழுக்க வெயிலடிக்கும் எங்களுக்குப் ‘பருவம்’ கொஞ்சம் அந்நியம்; இருந்தாலும் குளிர்நாட்டு அன்பர்களுக்காக இருக்கட்டும்.

வெப்பம் போகும் திசையை மாற்றும் வால்வுக்குச் சொல் இன்னும் அமையவில்லை. எங்கள் ஊர் ஏர்கோன்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கனடா, நார்வே அன்பர்கள்தான் அதைத் தொடங்கிவைக்க வேண்டும்.