கிளீவ்லாந்து 2016 வெற்றி அவ்வளவு பெரிதா? மகன் தமிழ் வகுப்பில் பேச வேண்டும்

செங்காங் அம்மா:

வணக்கம். மகன் உயர்நிலை மூன்று படிக்கிறான். "வரலாற்றில் நின்ற ஒரு விளையாட்டு வெற்றி" என்று தமிழ் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டுமாம். நான் 1983 உலகக் கிண்ணம், கபில்தேவ் என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை. 2016இல் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணி அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பட்டத்தை வென்றதைத்தான் பேசுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். ஒரே எண்கள். 73, 9, 3-1, 52. கணக்கு வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார், தமிழாசிரியர் பாவம்.

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. எங்கள் புளோக் கீழே இருக்கும் கோர்ட்டில் இரவு பத்து மணிக்கும் பந்து தட்டும் சத்தம் தெரியும், அவ்வளவுதான். வருஷா வருஷம் யாரோ ஒருவர் ஜெயிக்கத்தானே செய்கிறார்கள், இது மட்டும் ஏன் பெரிது? அப்புறம், வளையத்துக்குப் போகும் பந்தை எதிராளி தட்டிவிடுவது 'பிளாக்'காம், அதற்குத் தமிழில் என்ன சொல்வது? "தடை" என்று எழுதியிருக்கிறான். சாலையை மூடியது மாதிரி இருக்கிறது.

புல்ஸ் பித்தன்:

மகனை 1995-96 சிகாகோ புல்ஸ் பற்றிப் பேசச் சொல்லுங்கள். 72 வெற்றி, 10 தோல்வி, கடைசியில் பட்டமும் கையில். 2016இல் கேவலியர்ஸிடம் தோற்ற கோல்டன் ஸ்டேட் 73 வென்றார்கள், கோப்பை இல்லை. கேவலியர்ஸுக்கு அதிர்ஷ்டம். இறுதிச் சுற்றின் ஐந்தாம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனுக்கு ஆடத் தடை, அதே ஆட்டத்தில் அவர்களின் போகட்டுக்குக் காயம். இதெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

ராத்திரி ஷிப்டு:

அக்கா, அந்த ஏழாம் ஆட்டத்தை நான் நேரலையில் பார்த்தேன். பார்த்தேன் என்பது முக்கால்வாசி உண்மை. முக்கியமான கால்வாசி எப்படிப் போனது என்று சொல்கிறேன், மகனுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் எதிரி யார் என்று அவன் சொல்லியாக வேண்டும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73 வென்றவர்கள். புல்ஸின் இருபது வருஷச் சாதனையை முறியடித்தவர்கள். இறுதிச் சுற்றில் ஏழு ஆட்டத்தில் நான்கு வென்றால் பட்டம். நான்கு ஆட்டம் முடிந்தபோது அவர்கள் 3-1 என்று முன்னால். இன்னும் ஒன்று வென்றால் போதும். அதற்கு முன் என்பிஏ இறுதியில் 32 அணிகள் 1-3 என்று பின்தங்கியிருக்கின்றன. ஒன்றுகூட மீண்டதில்லை. கேவலியர்ஸ் மீண்டார்கள். ஐந்தாம் ஆட்டத்தில் அவர்களின் லெப்ரான் ஜேம்ஸ் 41 புள்ளி, கைரி இர்விங் 41. ஆறாம் ஆட்டத்தில் மறுபடி லெப்ரான் 41. 3-3.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு. ஆறு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டினால் கேவலியர்ஸ் 610, வாரியர்ஸ் 610. நம்பிக்கை இல்லாமல் நானே ரசீதின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன். ஒரு ஆட்டத்தில் 33 புள்ளியில் தோற்று, அடுத்ததில் 30 புள்ளியில் ஜெயித்து, கடைசியில் தராசு முள் நடுவில் வந்து நிற்கிறது.

ஏழாம் ஆட்டம் நடந்த ஓக்லாந்தில் ஞாயிறு மாலை ஐந்து என்றால் நமக்குச் சிங்கப்பூரில் திங்கள் காலை எட்டு. 2016 ஜூன் 20. எனக்கு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. ஏழரைக்கு வெளியே வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. காப்பிக்கடையில் கோசோங் (வெறும் புரோட்டா) இரண்டு, தே ஒன்று சொல்லிவிட்டு, கைப்பேசியை டிஷ்யூ டப்பாமேல் சாய்த்து வைத்தேன். பள்ளி விடுமுறை, பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பையன்களும் அதே ஆட்டம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணி இருக்கும். 89-89. அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன், வாசல் பக்கம் போய் நின்றேன். எப்படியோ படம் திரும்பி வந்தது. பார்த்தால் அதே 89-89. அப்பாடா, ஒன்றும் தப்பவில்லை என்று உட்கார்ந்து நிம்மதியாகப் புரோட்டாவைப் பிய்த்தேன்.

பக்கத்து மேசைப் பையன்கள் இருவரும் தலையில் கைவைத்து எழுந்து நின்றிருந்தார்கள்.

அக்கா, அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் யாருமே புள்ளி எடுக்கவில்லை. வளையத்தில் பந்து போடுவதில் உலகத்தின் மிகச் சிறந்தவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், எல்லாருக்கும் கை கால் கனத்துவிட்டது. ஆக, என் திரையில் எண் மாறவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது. டைம் அவுட்டில் ஒரு பையன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மறு ஒளிபரப்பைத் தன் கைப்பேசியில் காட்டினான்.

வாரியர்ஸின் இகுவோடாலா பந்தோடு வளையத்தை நோக்கித் தாவுகிறார். குறுக்கே ஜே.ஆர். ஸ்மித் ஒருவர்தான். ஸ்மித் கையை நீட்டியதால், இகுவோடாலா காற்றிலேயே பந்தை ஒரு முறை கீழே இறக்கி மறுபடி உயர்த்த வேண்டியதாகிவிட்டது. அரை விநாடி இருக்குமா? அதற்குள் பின்னாலிருந்து ஓடிவந்த லெப்ரான், பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்துவிட்டார். எல்லாரும் லெப்ரானைப் பாடுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்த அரை விநாடியை வாங்கிக் கொடுத்தது ஸ்மித். மகன் அவர் பேரையும் சொல்லட்டும்.

அதன்பிறகு 53 விநாடி மிச்சம் இருக்கும்போது வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரியின் முகத்துக்கு நேரே இர்விங் எறிந்து மூன்று புள்ளி எடுத்தார். கடைசியில் 93-89.

புல்ஸ் அண்ணே, கிரீன் இல்லாதது ஒரே ஒரு ஆட்டம். ஏழாம் ஆட்டத்தில் அவர் 32 புள்ளி எடுத்தார். 2015 இறுதியில் இதே வாரியர்ஸிடம் கேவலியர்ஸ் தோற்றபோது அவர்களின் கெவின் லவ் காயத்தால் ஆடவில்லை, இர்விங்கும் காயத்தால் முதல் ஆட்டத்தோடு விலகிவிட்டார். அந்தப் பட்டத்தை மட்டும் முழுசாக ஒத்துக்கொள்கிறோமே?

இன்னொன்று. கிளீவ்லாந்துக்கு 1964இல் அமெரிக்கக் காற்பந்தில் பிரௌன்ஸ் வென்றதற்குப் பிறகு பெரிய லீக் எதிலும் பட்டமே இல்லை. 52 என்று மகன் எழுதியது அதுதான். லெப்ரான் பக்கத்து ஊரான ஆக்ரன் பிள்ளை. 2010இல் மயாமிக்குப் போனபோது ஊர்க்காரர்கள் அவர் சட்டையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2014இல் திரும்பி வந்தார். எண்ணாகச் சொல்லாமல் கொளுத்திய சட்டையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

காலாங் கிழவன்:

'பிளாக்' என்பதற்குத் தனிச் சொல் தேடாதீர்கள் அம்மா. மேலே தம்பி எழுதியிருக்கிறாரே, "பலகையோடு சேர்த்து அறைந்துவிட்டார்" என்று, அதுவே போதும். நமக்கு இந்த வெற்றியெல்லாம் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்தான். அதே 2016இல் நம் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் ஆசியான் கூடைப்பந்து லீக் இறுதிக்கு வந்து மலேசியா டிராகன்ஸிடம் 3-2 தோல்வி. 2019இல் மறுபடி இறுதி, இந்தோனேசியாவின் சிஎல்எஸ் நைட்ஸிடம் மறுபடி 3-2 தோல்வி. அதைப் பற்றி எந்தப் பிள்ளையும் வகுப்பில் பேசப்போவதில்லை.

புல்ஸ் பித்தன்:

610 கணக்கு எனக்குத் தெரியாது. நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. புல்ஸ்தான் பெரிது, அதில் மாற்றமில்லை.

செங்காங் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மகன் பழைய தாளைக் கிழித்துவிட்டான். நேற்றிரவு சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்தான். சட்டையைக் கொளுத்தியதில் ஆரம்பித்து, "எண்பத்தொன்பது, எண்பத்தொன்பது" என்று சொல்லி அப்படியே நிறுத்திவிட்டான். மறந்துவிட்டான் என்று நான் எடுத்துக் கொடுக்கப் போனால், கையைக் காட்டி என்னை அடக்குகிறான். வேண்டுமென்றே நிற்கிறானாம். அந்த மௌனத்துக்கே பத்து விநாடி போகிறது. மொத்தம் மூன்றேமுக்கால் நிமிடம் வருகிறது. எதை வெட்டலாம், 1964ஐயா 610ஐயா?

ராத்திரி ஷிப்டு:

1964 இருக்கட்டும். 610ஐ வெட்டுங்கள் அக்கா. எனக்குத்தான் மனசு வரவில்லை.