ஆஸ்பத்திரியில் உரைபெயர்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வர என்ன வழி?

தலவாக்கலைப் பிள்ளை:
தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தமிழும் சிங்களமும் நன்றாகப் பேசுவேன். நுவரெலியாவில் ஒரு பார்மசியில் வேலை. கிளினிக் முடிந்து வரும் தோட்டத்து அம்மாமார் மருந்துத் துண்டை நீட்டி, "டொக்டர் என்ன சொன்னார் பிள்ளை?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில், டொக்டரும் நோயாளியும் பேசுவதை மற்றவரின் மொழியில் வாயால் சொல்லும் உரைபெயர்ப்புக்கென்றே தனிப் பிரிவும் பொறுப்பாளரும் உண்டாமே. அந்த வேலைக்கு எப்படிப் போவது?

பண்டாரவளை அக்கா, மெல்பேர்ன்:
நான் செய்வது அந்த வேலைதான் தங்கச்சி. முதலில் உரைபெயர்ப்பாளராகச் சில காலம் நிற்க வேண்டும், அப்புறம்தான் பொறுப்பு. அவுஸ்திரேலியாவில் நாட்டி (NAATI) சான்றிதழ் கேட்பார்கள், உரைபெயர்ப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு அது. தமிழுக்கும் பரீட்சை இருக்கிறது. 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காலையில் கிளினிக் பட்டியலைப் பார்த்து, யாருக்கு எந்த மொழி, எதற்குத் தொலைபேசி போதும் என்று பிரிப்பேன். புற்றுநோய் என்று சொல்லப்போகும் இடத்துக்கும், ஒபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும் இடத்துக்கும் ஆள் நேரில் போகத்தான் வேண்டும். நோயாளி "எனக்கு நெஞ்சு அடைக்கிறது" என்றால் அதை அப்படியே, அவர் பேசுவது போலவே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

எல்லாவற்றிலும் கஷ்டம் டொக்டர்மாரைப் பழக்குவது. "மகள் கூட வந்திருக்கிறாளே, அவளே சொல்லட்டும்" என்பார்கள். அம்மா பயந்துவிடுவாள் என்று மகள் பாதியை விழுங்கிவிடுவாள். அம்மாவும் மகள் முன்னால் இரத்தப்போக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். புதிதாக வரும் ஒவ்வொரு டொக்டருக்கும் இதை விளக்குகிறேன், எனக்குச் சலிப்பதே இல்லை.

மலைநாட்டு நர்ஸ்:
இங்கே இலங்கையிலும் இது கட்டாயம் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் நான் வேலை செய்யும் வாட்டில் இரவானால் பக்கத்துக் கட்டில்காரிதான் மொழிபெயர்க்கிறார். கருச்சிதைவைப் பற்றி அவர் மூலம் யார் பேசுவார்கள்? யாழ்ப்பாணம், களனிப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புப் படிக்கலாம் தங்கச்சி. ஆங்கிலத்தையும் விட்டுவிடாதீர்கள், நோயாளியின் விபரம் எழுதும் கட்டில் டிக்கெட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள்.

தலவாக்கலைப் பிள்ளை:
நன்றி அக்கா. பார்மசியில் இருந்துகொண்டே எதையாவது பழகலாமா?

பண்டாரவளை அக்கா, மெல்பேர்ன்:
கட்டாயம். மாத்திரையை எப்போது, எத்தனை குடிப்பது என்று விளக்கியதும், அந்த அம்மாவையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "விளங்கியதா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.